நெட் ஒயரைக் கழற்றிவிட்டு உட்காரும் கடை

திருப்பூர் நல்லூரில் நாகஜோதியின் கடைக்குள் போகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள், அடுத்து நெட் ஒயரைக் கழற்றுவார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒயரைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் செருப்பை மறந்தாலும் ஒயரை மறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து, நீல ஒயரை உருவி எடுத்து, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு மூச்சு சீராக வரும்.

அதிலும் பெருமாநல்லூர் சாமியப்பன் உட்காரும் அழகே தனி. அறுபது வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. குழந்தைகளுக்கான பனியன் போடுகிற சின்னக் கம்பெனி வைத்திருக்கிறார். ஒயரை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்திருப்பவர் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கொஞ்சம் தளர்த்தினால் ஓடிப்போய்விடும் என்கிற கவனம் அவர் முகத்தில் இருக்கும்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு பனியன் கம்பெனிக்கும் ஒரு இட்லி மாவுக் கடைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒற்றை அறை. இந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம், அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம். நடுவில் நாகஜோதி உட்கார்ந்து, பனியனின் நெஞ்சில் அச்சாகப் போகிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருப்பாள். வரைந்த படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கொரு பிலிம் எடுத்துக் கொடுப்பாள். பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் அந்தப் பிலிமை வைத்து ஸ்கிரீன் தயார் செய்து அச்சடிப்பார்கள். ஊர் முழுக்கக் குழந்தைகளின் நெஞ்சில் சிரித்துக்கொண்டு திரிகிற கரடிகளிலும் முயல்களிலும் பாதி அவள் பெற்றவைதான்.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒரே பயம். திருப்பூரில் ஒருவன் தன் பெண்டாட்டியோடு போட்ட சண்டையைக்கூட நாலு நாள் மறைத்துவிடலாம். நன்றாக ஓடுகிற டிசைனை ஒரு நாள் மறைக்க முடியாது. நம்முடைய மால், அதாவது தைத்த சரக்கு, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதே படம் அதே நிறத்தில் பக்கத்துக் கடையில் தொங்கும். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

நாகஜோதி அதை நேரில் பார்த்தவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் அம்மா ஒச்சாயியோடு பஸ் ஏறி வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் படம் போடுவாள். அதைப் பார்த்த மேனேஜர் ஒருவர், பெட்டி வீணாகிறதே என்று திட்டிவிட்டு, டவுனில் ஒரு டிசைன் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அங்கே போய்க் கம்ப்யூட்டரைத் தொடக் கற்றுக்கொண்டாள். கை நன்றாக ஓடியது.

அந்தக் கடையின் முதலாளிக்கும் கை நன்றாக ஓடும், வேறு விதத்தில். காலையில் ஒருவருக்குப் போட்ட டிசைனை மாலையில் இன்னொருவருக்கு விற்பார். ஒருநாள் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் இரண்டு பனியன்களைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். இரண்டிலும் நாகஜோதி வரைந்த அதே மீன், அதே நீலம். ஒன்று அவருடையது, இன்னொன்று அடுத்த தெருக்காரருடையது. அவர் முதலாளியை ஒரு வார்த்தை திட்டவில்லை. மீனை வரைந்த பெண் யார் என்று கேட்டு, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பார்வை சோற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மாதத்தோடு வேலையை விட்டாள்.

சொந்தமாகக் கடை போட்டபோது அவள் ஒரு வழக்கம் வைத்தாள். வாடிக்கையாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். படம் முடிந்ததும் அவருடைய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவாள். பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பாள். அழிக்கட்டுமா என்று மிஷின் கேட்கும்போது, அந்தக் கடைசிப் பட்டனை அவள் அமுக்க மாட்டாள். வாடிக்கையாளரே அமுக்க வேண்டும்.

இது ஊருக்குள் பரவியது. மற்ற கடைகளில் டிசைன் சீக்கிரம் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும், காபிகூடக் கிடைக்கும். நாகஜோதி கடையில் அந்தப் பட்டன் கிடைக்கும். ஆண்டவன் சந்நிதியில் கற்பூரம் ஒற்றிக்கொள்வது போல ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பட்டனில் இருந்த எழுத்து எப்போதோ தேய்ந்து போய்விட்டது. “போயிருச்சுங்களா?” என்று கேட்பார்கள். “போயிருச்சுண்ணே” என்பாள். அவ்வளவுதான் ரசீது.

சாமியப்பன் இதற்கும் மேலே ஒருபடி போவார். ஸ்கிரீன் தயாரானதும் பிலிமை வாங்கி வந்து கத்திரியால் நறுக்குவார். அச்சு முடிந்ததும் பட்டறையில் நின்று ஸ்கிரீனைக் கழுவச் சொல்லுவார். பென்டிரைவைப் பீரோவில்கூட வைக்க மாட்டார்; இடுப்பில் அரைஞாண் கயிற்றில், கம்பெனிச் சாவியோடு சேர்த்து முடிந்திருப்பார். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற மனிதர்தான். ஆனால் படம் வரைய உட்கார்ந்துவிட்டால் குழந்தையாகிவிடுவார். ஆட்டுக்குட்டிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டச் சொன்னவர் அவர். மொபெட் ஓட்டுகிற யானைக்குட்டி அவர் யோசனை. யானையின் காது காற்றில் பின்னால் பறக்க வேண்டுமா, முன்னால் மடிய வேண்டுமா என்று ஒரு மதியம் முழுக்க இரண்டு பேரும் வாதாடியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பழைய கம்ப்யூட்டர் செத்தது.

சர்வீஸ் பார்க்கிற அருள்செல்வன் வந்து திறந்து பார்த்துவிட்டு, இதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றான். பழைய கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு புதிது வாங்கினாள். அதில் அவளுடைய பழைய சாப்ட்வேரைப் போட்டால், கம்பெனியிடம் அனுமதி கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. அனுமதி கொடுக்க வேண்டிய கம்பெனி அந்தப் பழையதை எப்போதோ கை கழுவிவிட்டதாம். காசு கொடுத்து டப்பாவோடு வாங்கிய பொருள், டப்பா பரணில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. இனிமேல் மாத வாடகைதான் அக்கா, நெட் இருந்தால்தான் ஓடும் என்றான் அருள்செல்வன். அப்படித்தான் அந்த நீல ஒயர் கடைக்குள் வந்தது.

வாடிக்கையாளர்கள் அதைக் கண்டதும் ஒதுங்கினார்கள். நைட்டிக் கம்பெனி சாரதாமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குழாய் வழியாகத் தண்ணீர் வந்தால் தண்ணீர் போகவும் செய்யும், ஒயரும் அப்படித்தான் என்பது அவள் கட்சி. அவளும் சாதாரண ஆள் இல்லை. புருஷன் படுத்த படுக்கையான பிறகு கம்பெனியைத் தனியாக நடத்துகிறவள். நாகஜோதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் சாமியப்பன்தான் வழி கண்டுபிடித்தார். சாப்ட்வேர் மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு முகத்தைக் காட்டினால் போதும், நடுவில் ஒயர் இல்லாமலும் கொஞ்ச நாள் ஓடும் என்று அருள்செல்வன் வாயிலிருந்து வரவழைத்தார். பிறகென்ன, ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வரும்போது உருவி எடுப்பார்கள். படம் முடிந்து, பென்டிரைவில் ஏறி, கடைசிப் பட்டன் அமுங்கி எல்லாம் ஆனபிறகு, எடுத்த ஒயரை எடுத்த இடத்திலேயே மறக்காமல் சொருகிவிட்டுப் போவார்கள். அடுத்தவர் கடையில் ஒரு பொருளைக் கலைத்துவிட்டு அப்படியே போவது கொங்கு நாட்டு மரியாதைக்கு அடுக்காது.

அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு வேளை. மாவுக் கடையில் கிரைண்டர் நின்றிருந்தது. நாகஜோதி டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசையும்போது திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. உங்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதையுமே வைத்துக்கொள்ளாதவளிடம் என்ன இடம், என்ன நிரம்பல்? சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு இடக்கையால் அதைத் திறந்து பார்த்தாள்.

வரிசை வரிசையாகப் படங்கள் விரிந்தன. மூக்குக் கண்ணாடி போட்ட ஆட்டுக்குட்டி. மொபெட் யானை, காது முன்னால் மடிந்தது ஒன்று, பின்னால் பறந்தது ஒன்று. சாரதாமணியின் நைட்டிப் பூக்கள். சேவூர்க்காரருடைய கிரிக்கெட் மட்டை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒருவர் விரல் நீட்டி அழித்த படம்.

அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். அருள்செல்வனுக்குப் போன் போட்டாள். அவன் அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னான். கரண்ட் போனால் வேலை வீணாகக்கூடாது என்று சாப்ட்வேர் தானாகவே ஒரு நகலை உள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளுமாம். நெட் கிடைத்த நிமிஷம் அதைக் கம்பெனியின் கிளவுடுக்கு ஏற்றிவிடுமாம். நீங்கள் இங்கே அழித்தாலும் அங்கே பத்திரமாக இருக்கும் அக்கா, பயப்படாதீர்கள் என்றான்.

போனை வைத்தாள். திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து அவள் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். ஹவுஸ் ஓனரிடம் இன்னொரு சாவி இருக்கும் என்பது தெரிந்துதான் எந்த வீட்டிலும் பூட்டுவாள். ஆனால் இது அவளுடைய கடை. இத்தனை நாளும் ஒவ்வொருவரிடமும் “போயிருச்சுண்ணே” என்று சத்தியம் போலச் சொன்ன வாய் அவளுடைய வாய். மீன் போட்ட இரண்டு பனியன்களும், அந்த மனிதர் பார்த்த பார்வையும் திரும்பி வந்தன. இந்தத் தடவை பார்வைக்குத் தகுதியானவள் அவளேதான் என்று தோன்றியது. அழுகை வந்தது. கோபமும் வந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்கு ஒரு முகம் இருந்தால் அதன் முன்னால் போய் நின்றிருப்பாள். உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டதற்கு, உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது.

சாயங்காலம் வீட்டில் புருஷன் மாரிச்செல்வத்திடம் சொன்னாள். அவன் கோவில்பட்டிப் பக்கம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவன் அதிகம் யோசிக்கவில்லை.

“ஏட்டி, இதுல என்ன இருக்கு? காலைல போயி மொத்தத்தையும் அழிச்சிரு. அந்த ஒளிச்சு வைக்கிற வேலைய நிப்பாட்டச் சொல்லிரு. ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்ல. நீயா திருடுன?”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவள் திருடவில்லை. யார் டிசைனும் வெளியே போனதாகவும் தெரியவில்லை. சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தத் தேய்ந்த பட்டனின் மேல்தான் நிற்கிறது. புரண்டு புரண்டு படுத்து, விடியும்போது அவனுடைய யோசனைக்கே வந்து சேர்ந்தாள்.

காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கிளவுடைத் திறந்து எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தாள். அழிக்கட்டுமா என்று அது கேட்டது. விரலைப் பட்டன் மேல் வைத்தாள். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

சாமியப்பன். தலை மொட்டை, மேலே சந்தனம். கையில் பஞ்சாமிர்த டப்பா. பழனிக்கு நடந்து போய்விட்டு வந்திருந்தார். வந்தவர் பின்பக்கம் குனியவில்லை. ஒயரை உருவவில்லை. நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் என்னமோ நடந்துவிட்டது என்று நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது.

“சண்முக நதியில முங்குனனுங்க அம்மிணி. சட்டையக் கழட்டுனேன். வாட்ச்சக் கழட்டுனேன். அரணாக்கயித்துல இருந்தத மறந்துபோட்டனுங்க.”

பென்டிரைவை மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. அருள்செல்வனிடமும் வேறு இரண்டு பேரிடமும் ஏற்கெனவே காட்டிவிட்டாராம். போனது போனதுதானாம்.

அவருடைய நிலைமை என்ன என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரியும். இந்தக் கோடைக்கு அவர் போட்டது அந்த ஆடும் யானையும் இன்னும் நாலு படங்களும்தான். சின்ன சைஸ் முடிந்து மால் போய்விட்டது. கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போய், பெரிய சைஸும் உடனே கேட்கிறார்கள். அதற்குப் புதிதாகப் பிலிம் எடுக்க வேண்டும். பழைய பிலிமைத் தன் கையால் நறுக்கியாயிற்று. ஸ்கிரீனைத் தன் முன்னாலேயே கழுவ வைத்தாயிற்று. பனியனைப் பார்த்து ஆறு படத்தையும் மறுபடி வரைந்து நிறம் பிரிப்பதற்குள் சீசனில் பாதி போய்விடும், அதற்குள் வேறு யாராவது ஒரு ஆட்டுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். துணி வெட்டி வைத்துவிட்டு டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் கேட்டு அல்ல, வேலை கேட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

“ஏனுங்க அம்மிணி, எங்கீனாச்சும் ஒரு மூலையில ஒரு காப்பி கீப்பி...” என்று ஆரம்பித்தவர், தானே தலையை ஆட்டிக்கொண்டார். “இருக்காதுங்க. என்ற வெரல்லதான அமுத்துனேன்.”

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதில் அந்த ஆட்டுக்குட்டி கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நீல நிறமிட்டு, அழிக்கத் தயாராக.

எத்தனை சுலபமான வழிகள் இருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நாளைக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். கடவுள் புண்ணியம், பழைய டிஸ்க்கில் தவறிப்போய் ஒன்று இருந்தது என்று சொல்லலாம். பழனிக்குப் போய்விட்டு வந்த மனிதர், முருகன் செயல் என்று நம்பியே விடுவார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் யாரையும் நம்பாத ஒருவர் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவரை ஏமாற்றுவது, மீனை இரண்டு பேருக்கு விற்றதைவிடக் கேவலம் என்று பட்டது.

“அண்ணே, இருக்கு” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக, கரண்ட் குறைந்த பல்பு மாதிரி, மங்கியது. எப்படி இருக்கும் என்று கேட்டார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நேற்றுத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஒளித்து வைக்கும் நகல், கிளவுட், இடம் நிரம்பிவிட்டது, எல்லாம்.

சாமியப்பன் திரையைப் பார்த்தார். தன் ஆட்டைப் பார்த்தார். ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூவும், அதற்குப் பக்கத்தில் கிரிக்கெட் மட்டையும் இருப்பதைக் கண்டதும் சடக்கென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“மத்தவிங்களுதும் இருக்குதுங்க. நான் பாக்கக் கூடாதுங்க. என்றத மட்டும் எடுங்க, எடுத்துப்போட்டுச் சொல்லுங்க.”

ஊரிலேயே பெரிய சந்தேகப் பிராணி, போட்டிக்காரர்களின் டிசைன் எல்லாம் இலவசமாகக் கண்முன் விரிந்து கிடக்கும்போது, துண்டுக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகஜோதிக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அழுதுகொண்டே ஆறு படங்களையும் புதுப் பென்டிரைவில் ஏற்றினாள்.

எடுத்தாயிற்று என்றதும் துண்டை இறக்கினார். பிறகு கேட்டார்.

“அப்ப நான் ஒயரப் புடிச்சுட்டு உக்காந்தது?”

“பிடிச்சுட்டு இருந்த வரைக்கும் போகலண்ணே. நீங்க திருப்பிச் சொருகிட்டுப் போனீங்கள்ல, அப்பப் போயிருக்கு.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்டிரைவை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஞ்சாமிர்தத்தை அங்கேயே வைத்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனார்.

ஒருவருக்குச் சொல்லியாயிற்று, இனி மற்றவர்களுக்கு மறைப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். விஷயம் இது, உங்கள் படம் அங்கே இருக்கிறது, நான் அழிக்க மாட்டேன், நீங்கள் வந்து உங்கள் கையால் அழியுங்கள் என்றாள். மாரிச்செல்வம் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவைக் கெடுத்துக்கொண்டு வந்து, மற்றவர் படங்கள் தெரியாதபடி திரையை மறைக்க ஒரு அட்டையை வெட்டிக் கொடுத்தான்.

வந்தார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். சேவூர்க்காரர் சிரித்துவிட்டு, அந்தக் கிரிக்கெட் மட்டை ஓடவே இல்லை, யாராவது திருடினால் சந்தோஷம்தான் என்று சொல்லி அழித்தார். சாரதாமணி வந்து, நின்றுகொண்டே ஒவ்வொரு பூவாக அழித்தாள். கடைசிப் பூ போன பிறகு, “உங்கள நம்பித்தானுங்க வந்தேன்” என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு கடைக்குப் போகிறாள். வழியில் பார்த்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். நாகஜோதிக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

கடை இளைத்தது. கிரைண்டர் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. அருள்செல்வன் எங்கெங்கோ தேடி, அந்த ஒளிக்கிற வேலையை நிறுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்து அணைத்துக் கொடுத்தான். யார் கண்ணிலும் படாமல் பரணின் கடைசி மூலையில் வைத்த சுவிட்ச் மாதிரி இருந்தது அது.

எல்லாரும் வந்து அழித்துவிட்டுப் போனார்கள், சாமியப்பன் மட்டும் வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவி எடுத்து, கம்பெனியில் இருக்கிறார் என்றாள். கிளவுடில் அவருடைய படங்கள் மட்டும் தனியாகக் கிடந்தன. ஒரே அமுக்கில் போயிருக்கும். நாகஜோதி தொடவில்லை. காலையில் கடை திறந்ததும் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். அந்த மனிதர் இனி வரமாட்டார் என்று ஒருநாள் நினைப்பாள், மறுநாள் வருவார் என்று நினைப்பாள். வராமல் போனால் தாங்காது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மொட்டையில் முடி அரை விரல் வளர்ந்த பிறகு வந்தார். பெரிய சைஸ் மால் எல்லாம் போய்விட்டதாம். செருப்பைக் கழற்றினார். பழக்கத்தில் பின்பக்கம் குனிந்து ஒயரைத் தொட்டார். ஒயர் இருந்தால்தான் அங்கே இருப்பதை அழிக்க முடியும் என்று அவள் சொன்னாள். நிமிர்ந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டையும் யானையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். விரலை நீட்டி அமுக்கினார். திரை காலியாயிற்று.

“இப்ப நெசமாலுமே போயிருச்சுங்களா?”

இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

“எனக்குத் தெரிஞ்ச எடத்துல இல்லண்ணே. தெரியாத எடத்துல இருக்கா இல்லையானு எனக்குத் தெரியல. இனிமே யாருகிட்டயும் போயிருச்சுனு என்னால சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இதோடு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள்.

சாமியப்பன் எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. வேட்டியின் மடிப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றின் முடிச்சைக் குனிந்து குனிந்து அவிழ்த்தார். அவிழ நேரமாயிற்று. சாவியைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, புதுப் பென்டிரைவை எடுத்து மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

“இது உங்ககிட்டவே இருக்கட்டுங்க அம்மிணி. என்கிட்ட இருந்தா அடுத்த தைப்பூசத்துக்கும் ஆத்துல வுட்டுப்போடுவேன்.”

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பயமாகத்தான் இருந்தது. தாயின் வீட்டில்கூட யாரும் அவளிடம் இப்படி ஒன்றை ஒப்படைத்ததில்லை.

“நான் இதுல இருந்து காப்பி எடுத்துட்டா என்னண்ணே பண்ணுவீங்க?”

“எடுத்தா நீங்களே கூப்புட்டுச் சொல்லிப்போடுவீங்களே” என்றார் சாமியப்பன்.

அவள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பென்டிரைவை அதில் கோத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். சாமியப்பன் பின்பக்கம் குனிந்து ஒயரை உருவி, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, புதுப் படத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்தார்.